தேரை: நம் மண்ணில் நண்பன், அயல் மண்ணில் பகைவன்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் தேரைகள் குரல் எழுப்பத் தொடங்கிவிடும். நாற்றங்காலில், கிணற்றடியில், மாட்டுத் தொழுவத்தில், வீட்டுத் திண்ணை விளக்கின் கீழ் என்று எங்கும் அவை தென்படும். நம் உழவர்களுக்கு இது புதிய காட்சியன்று. ஆனால் அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஐயம் எழுந்துள்ளது. ஆஸ்திரேலியாவில் தேரை பெருகி நாட்டையே பாழ்படுத்துகிறது என்ற செய்தியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "நம் வயலில் இருப்பதும் அதுதானா? கண்ட இடத்தில் அடித்துவிடலாமா?" என்று பயிற்சிக்கு வரும் உழவர்கள் கேட்பதுண்டு.

சுருக்கமான விடை: அதுவன்று, அடிக்கவும் கூடாது. ஆனால் விடை அத்துடன் முடிந்துவிடவில்லை. நம் வயலில் அமைதியாகப் பூச்சி தின்று வாழும் இதே தேரை, கடல் கடந்து வேறொரு நாட்டில் இறங்கிய இடத்தில் பெருங்கேடாக மாறியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஏரிப்பாசன நிலங்களுக்கு நடுவே தொழிற்சாலைகளும் சரக்குக் கிடங்குகளும் அமைந்துவிட்ட இந்நாளில், இந்த வரலாற்றை உழவர்கள் அறிந்து கொள்வது அவசியமாகும்.

தேரையை இனங்காணுதல்

தவளையின் தோல் வழவழப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். பின்கால்கள் நீண்டு, ஒரே தாவலில் வெகுதூரம் செல்லும். தேரையின் தோல் வறண்டு, பருக்கள் நிறைந்து சொரசொரப்பாக இருக்கும், கால்கள் குட்டையானவை, சிறு சிறு தத்தலாகவே நகரும்.

நம் வயல்களில் பரவலாகக் காணப்படும் தேரையின் அறிவியற் பெயர் தத்தாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் என்பதாகும். முன்பு இதனைப் புஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்று வழங்கினர். 2006-ஆம் ஆண்டில் இதன் பேரினத்திற்கு, இந்தியத் தவளை ஆய்வாளர் சுசில் குமார் தத்தா அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. பாகிஸ்தான், இந்தியா, இலங்கை முதல் சீனத்தின் தென்பகுதி, இந்தோனேசியாவின் மேற்குத் தீவுகள் வரை இது வாழ்கிறது. ஆண் தேரை சுமார் 6 முதல் 8 செ.மீ. நீளம் இருக்கும். பெண் அதனினும் பெரியது; 10 செ.மீ.க்கு மேலும் வளரும்.

இதனை அடையாளங்காண இரண்டு குறிகள் போதும். முதலாவது, கண்ணின் மேலும் முகத்தின் ஓரத்திலும் மை தீட்டியதுபோல் ஓடும் கருநிற வரப்புகள். உடலிலுள்ள பருக்களின் நுனியும் பெரும்பாலும் கருத்திருக்கும். இரண்டாவது, கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் அவரைக் கொட்டை வடிவில் புடைத்திருக்கும் சுரப்பிகள். ஆஸ்திரேலியாவில் பரவிய கரும்புத் தேரைக்கு இத்தகைய கருநிற வரப்புகள் கிடையா. அது மிகப் பெரியது. சில தேரைகள் ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அந்தக் கரும்புத் தேரை இந்தியாவில் குடியேறியதாகப் பதிவு ஏதும் இல்லை. ஆகவே உங்கள் கிணற்றடியில் எவ்வளவு பெரிய தேரையைக் கண்டாலும் அது நம் ஊர்த் தேரையே.

வாழ்க்கை முறை

தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. ஈர மண்ணில் அமர்ந்து அடிவயிற்றுத் தோலின் வழியாகவே நீரை உறிஞ்சிக் கொள்கிறது. ஆகவே பகலில் வெயில் படாத இடங்களில், அதாவது கல்லிடுக்கு, மரக்கட்டையின் அடி, எலி வளை, வைக்கோற்போரின் அடிப்பகுதி முதலியவற்றில் பதுங்கியிருக்கும். கோடையில் நீண்ட நாட்கள் உணவின்றி அடங்கிக் கிடக்கவும் வல்லது. "கல்லுக்குள் தேரை" என்று நம் முன்னோர் சொன்னது இந்த இயல்பைக் கண்டுதான். இந்த இயல்பை உழவர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் வரும் வரலாற்றுக்கு இதுவே அடிப்படை.

மழைக்காலத்தில் ஆண் தேரைகள் தேங்கிய நீரின் ஓரத்தில் அமர்ந்து, தொண்டைப் பையை ஊதிக் குரல் கொடுத்துப் பெண்ணை அழைக்கின்றன. "தவளை தன் வாயால் கெடும்" என்ற பழமொழி இரு இனத்துக்கும் பொருந்தும். குரல் கேட்டுப் பாம்பும் வரும்.

பெண் தேரை முட்டைகளைத் தவளையைப்போல் நுரையாகவோ குவியலாகவோ இடுவதில்லை. கருமணி கோத்த மாலைபோல், வழுவழுப்பான நீண்ட இழைகளாக நீர்ச்செடிகளைச் சுற்றி இடுகிறது. ஒரே ஈட்டில் பல ஆயிரம் முட்டைகள் இருக்கும். ஓரிரு நாட்களில் அவை பொரிந்து, கருநிறத் தலைப்பிரட்டைகள் கூட்டமாக நீந்தும். இவை பாசியையும் மட்கிய பொருள்களையும் தின்று வளர்ந்து, சுமார் ஐந்து, ஆறு வாரங்களில் ஒரு செ.மீ. அளவுள்ள குட்டித் தேரைகளாகக் கரையேறுகின்றன. அந்த ஐந்து, ஆறு வாரங்களும் நீர் வற்றாமலும் நஞ்சு கலவாமலும் இருந்தால்தான் ஒரு தலைமுறை பிழைக்கும்.

பல ஆயிரம் முட்டையிட்டும் நம் ஊரைத் தேரைகள் நிறைத்துவிடவில்லையே, ஏன்? குட்டை வற்றுவதில் பாதி அழியும். தும்பியின் இளம்புழுக்களும் மற்ற நீர்ப்பூச்சிகளும் ஒரு பங்கை உண்ணும். கரையேறிய குட்டிகளை எறும்பும் பறவையும் பிடிக்கும். வளர்ந்தவற்றைத் தண்ணீர்ப் பாம்பும் நல்ல பாம்பும் தின்னும். ஆக, வரவுக்கும் செலவுக்கும் கணக்குச் சரியாகிவிடுகிறது.

உணவும் உழவருக்குப் பயனும்

அசையும் இரையைத்தான் தேரை பிடிக்கும். அதன் நாக்கு வாயின் முன்புறத்தில் ஒட்டியிருப்பதால் சடாரென வெளியே வீசி இரையை ஒட்டி இழுத்துக் கொள்ள முடிகிறது. எறும்பு, கரையான், வண்டு, பிள்ளைப்பூச்சி, வெட்டுக்கிளி, வெட்டுப்புழு, அந்துப்பூச்சி ஆகியன அதன் உணவாகும். விளக்குப்பொறி வைத்துள்ள வயல்களில் கீழே விழும் பூச்சிகளைத் தின்னத் தேரைகள் கூடுவதைக் காணலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேரை நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்று பிரித்துத் தின்பதில்லை. தண்டுக்குள் இருக்கும் குருத்துப்பூச்சியின் புழுவையோ, மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவையோ அதனால் எட்ட முடியாது. ஆகவே தேரை இருக்கிறது என்பதற்காகப் பயிர்ப் பாதுகாப்பை விட்டுவிட இயலாது. வயலில் வேலை செய்யும் பல கூலியில்லா ஆட்களில் அதுவும் ஒன்று, அவ்வளவே. இந்த அளவை மறந்து, ஒரு தேரையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்த்ததால் வந்த கேட்டைப் பின்னர் காண்போம்.

நச்சுச் சுரப்பி

கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பிகளை ஒரு விலங்கு கடித்தால், பால்போன்ற நஞ்சு வெளிப்படுகிறது. இது இதயத்தைத் தாக்கும் நஞ்சாகும். நம் வேலியிலுள்ள அரளியின் நஞ்சு எந்த வழியில் இதயத்துடிப்பைக் குலைக்கிறதோ, ஏறத்தாழ அதே வழியில்தான் தேரையின் நஞ்சும் வேலை செய்கிறது. முட்டை, தலைப்பிரட்டை ஆகியவற்றிலும் நஞ்சு உண்டு. தவளை என்று எண்ணித் தேரையைச் சமைத்து உண்டவர்கள் உயிரிழந்த நிகழ்ச்சிகள் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் நடந்துள்ளன.

ஆனால் தேரை நஞ்சைப் பாய்ச்சித் தாக்குவதில்லை. தொட்டால் மரு வரும் என்பதும் உண்மையன்று. தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் எரிச்சல் உண்டாகும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நாய் தேரையைக் கவ்விவிட்டு நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நீர் உள்ளே போகாதவாறு வாயைப் பலமுறை கழுவிவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மனிதர் எவரேனும் தேரையையோ அதன் முட்டையையோ உண்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் பாம்புகள் தேரையைத் தின்றும் சாகாததற்குக் காரணம் உண்டு. தேரையோடு பல இலட்சம் ஆண்டுகள் ஒரே நாட்டில் வாழ்ந்ததால், அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமே அவற்றின் உடலில் மாறியமைந்துவிட்டது. பூட்டு மாறிவிட்டால் பழைய சாவி பயன்படாதல்லவா? தேரையே இல்லாத நாட்டு விலங்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. முழுக் கதையும் இதில்தான் அடங்கியுள்ளது.

கரும்புக்குக் காவலாகப் போன தேரை

தென் அமெரிக்காவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது கரும்புத் தேரை. கரும்பின் வேர்ப்புழு வண்டுகளை ஒழிக்கும் என்ற நம்பிக்கையில் இதனைப் போர்ட்டோ ரிக்கோ தீவுக்கும், அங்கிருந்து 1932-இல் ஹவாய்க்கும் கொண்டு சென்றனர். 1935 ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கரும்பு ஆராய்ச்சித் துறையினர், ஹவாயிலிருந்து நூற்றுக்குச் சற்று மேற்பட்ட தேரைகளைக் கோர்டன்வேல் என்ற ஊருக்குக் கொண்டுவந்து இனப்பெருக்கம் செய்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சுமார் 2,400 இளந்தேரைகள் கரும்புத் தோட்டங்களில் விடப்பட்டன.

வால்டர் ஃபிராகட் என்ற மூத்த பூச்சியியல் அறிஞர் இதனை எதிர்த்தார். சில மாதங்கள் தடையும் விதிக்கப்பட்டது. ஆனால் 1936-இல் தடை நீக்கப்பட்டது.

விளைவு என்ன? வண்டுகள் கரும்பின் தோகையில் மேலே இருந்தன. தேரையால் ஏற முடியவில்லை. புழுக்கள் மண்ணுக்குள் வேரில் இருந்தன. தேரையால் தோண்ட முடியவில்லை. இளங்கரும்புத் தோட்டத்தில் பகலில் ஒதுங்க நிழலும் இல்லை. எனவே தேரைகள் தோட்டத்தை விட்டு வெளியேறி, வேறு பூச்சிகளைத் தின்று பெருகின. வேர்ப்புழுவோ குறையவில்லை. 1940-களின் பிற்பகுதியில் பி.எச்.சி. மருந்து வந்த பிறகே அதனைக் கட்டுப்படுத்த முடிந்தது. அந்த மருந்தும் பின்னர் கேடு விளைவிப்பது என்று அறியப்பட்டு, நம் நாட்டில் 1997-இல் தடை செய்யப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் தேரை இனமே கிடையாது. ஆகவே தேரையைக் கவ்விய பெரிய உடும்புகள், பாம்புகள், நன்னீர் முதலைகள், குவோல் எனப்படும் பூனையளவுள்ள பையுடைய ஊனுண்ணி ஆகியன கூட்டங்கூட்டமாக மடிந்தன. தேரைகள் 2001-இல் புகழ்பெற்ற காக்கடு தேசியப் பூங்காவை அடைந்தன. 2009-இல் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையைக் கடந்தன. தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 கி.மீ. நகர்ந்த தேரைப்படை, பின்னர் 50 கி.மீ. வரை நகரத் தொடங்கியது. முன்னணியில் செல்லும் தேரைகளுக்குக் கால் சற்று நீண்டிருப்பதை 2006-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வேகமாகச் செல்பவை முன்னணியில் ஒன்றோடொன்று இணைந்து, மேலும் வேகமான குட்டிகளை ஈனுகின்றன. நாம் விதைக்கு நல்ல கதிரைத் தேர்ந்தெடுப்பதுபோல, அங்கே பயணமே தேர்வு செய்கிறது.

துறைமுகத்தில் இறங்கிய நம் தேரை

கரும்புத் தேரையை மனிதர் அறிந்தே கொண்டு சென்றனர். நம் தேரை இனம் அறியாமல் சென்றது. இந்தோனேசியாவின் சுலவேசி, லொம்போக், திமோர் முதலிய தீவுகளில் இது முன்பு இல்லாதிருந்து, கடந்த சில பத்தாண்டுகளில் குடியேறிவிட்டது. மாலத்தீவிலும் உள்ளது. ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் சரக்குகளுக்குள் பலமுறை பிடிபட்டுள்ளது.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது மடகாஸ்கர் தீவாகும். நம்மைப்போல் நெற்சோறு உண்ணும் மக்கள் வாழும் நாடு அது. அதன் கீழைக்கரையிலுள்ள பெரிய துறைமுகம் டோமாசினா. அங்கே இந்தத் தேரை பரவியிருப்பது 2014-இல் உலகுக்குத் தெரியவந்தது. 2007-க்கும் 2010-க்கும் இடையில், துறைமுகத்தை அடுத்து ஒரு பெரிய உலோக ஆலை கட்டப்பட்ட காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த கன்டெய்னர்களுக்குள் தேரைகள் வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 2017-இல் வெளியான மரபணு ஆய்வில், அவை கம்போடியா, வியட்நாம் பகுதித் தேரைகளோடு ஒத்திருப்பது தெரிந்தது. நம் நாட்டிலிருந்து சென்றவை அல்ல. ஆனால் இனம் ஒன்றே, வழியும் ஒன்றே.

முற்றிலும் ஒழிக்க முடியுமா என்று வல்லுநர்கள் ஆராய்ந்தனர். அதற்குள் தேரைகள் பல இலட்சமாகப் பெருகிவிட்டதால் இயலாது என்ற முடிவுக்கு வந்தனர். ஒரு கன்டெய்னரின் மூலையில் இருந்தபோது ஒரு வாளியில் அள்ளியிருக்கலாம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஓர் அரசாங்கத்தாலும் முடியவில்லை.

மடகாஸ்கரில் தேரையைத் தின்னக்கூடிய 77 உயிரினங்களை ஆராய்ந்து 2018-இல் முடிவு வெளியிட்டனர். ஒன்றைத் தவிர மற்ற எதற்கும் அந்த நஞ்சைத் தாங்கும் அமைப்பு இல்லை. அங்குள்ள பாம்புகள் மடிந்தால் எலி பெருகும் என்ற அச்சம் உள்ளது. எலி பெருகினால் நெல் என்னவாகும் என்பதை நம் உழவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தமானில் நம் பச்சைத் தவளை

இதுபோன்ற நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்துள்ளது. நம் வயல்களில் மழைக்காலத்தில் ஆண் மஞ்சள் நிறமாக மாறும் பெரிய பச்சைத் தவளையை அனைவரும் அறிவோம். 1987-இல் மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்யும் வரை, இந்தத் தவளை இனமே நம் வயல்களிலிருந்து ஏராளமாகப் பிடிக்கப்பட்டு வெளிநாடு சென்றது. பூச்சிகளைத் தின்னும் தவளை குறைந்தால் மருந்துச் செலவு கூடும் என்ற வாதமும் அத்தடைக்குத் துணை நின்றது.

இங்கே காக்கப்பட வேண்டிய அதே தவளை, அந்தமான் தீவுகளுக்கு அயல் இனம். பெருநிலத்திலிருந்து சென்ற மீன்குஞ்சுகளோடு அதன் தலைப்பிரட்டைகளும் கலந்து சென்று, ஏறத்தாழ 2009 முதல் அங்கே பரவத் தொடங்கின. அதன் தலைப்பிரட்டை மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கிறது. வளர்ந்த தவளை கோழிக்குஞ்சையும் விழுங்குவதாகத் தீவு மக்கள் கூறுகின்றனர். ஒரு பை மீன்குஞ்சில் கலந்த சில கருநிறத் தலைப்பிரட்டைகளை யாரும் பொருட்படுத்தவில்லை, அதுவே காரணம்.

இவற்றிலிருந்து பெறும் பாடம் ஒன்றே. எந்த உயிரினமும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அன்று. தன் மண்ணில், தன் பகைவரோடு வாழும்போது அது அளவாக இருக்கிறது. பகைவரை விட்டுத் தனியே வேற்று மண்ணுக்குச் சென்றால் அளவு மீறுகிறது. நம் ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரை, கரைகளை அடைக்கும் சீமைக் கருவேல், தரிசுகளில் பரவிய பார்த்தீனியம் ஆகியனவும் தத்தம் நாட்டில் அடங்கியிருந்தவையே.

ஒரகடம் வட்டாரத்திற்கு இதில் என்ன?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் இப்பகுதி ஏரிகளின் நாடு. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, மணிமங்கலம் ஏரி முதலிய ஏரிகளும், செம்பரம்பாக்கமும் இங்குள்ளன. இவற்றுக்கிடையே இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம்–வடகால் என்று தொழிற்பேட்டைகள் அமைந்துள்ளன. இங்கு செய்யப்படும் கார்களும் உதிரிபாகங்களும் சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் வழியாகப் பல நாடுகளுக்குச் செல்கின்றன. வெளிநாட்டு உதிரிபாகங்களும் மரப்பெட்டிகளில் வந்து இறங்குகின்றன. இதனால் இரண்டு வகைப் பொறுப்பு ஏற்படுகிறது.

முதலாவது, வெளியே செல்வது. இரவு முழுதும் விளக்கெரியும் கிடங்குகளுக்குப் பூச்சிகள் வருகின்றன. பூச்சியைத் தேடிப் பக்கத்து வயல் தேரைகள் வருகின்றன. கதவு திறந்த கன்டெய்னர் தேரைக்கு ஒரு பெரிய கல்லிடுக்குதான். விடியுமுன் உள்ளே நுழைந்து, கட்டைகளின் அடியில் ஒடுங்கிவிட்டால், கடல் கடந்து சென்று இறங்கும் வரை உயிர் தாங்கக்கூடும். மழைக்காலத்தில் முட்டை முற்றிய ஒரு பெண் தேரை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று இக்கிடங்குகளில் பணிபுரிகின்றனர். தேரையை அடையாளம் தெரிந்தவர்களும் அவர்களே.

இரண்டாவது, உள்ளே வருவது. இறக்குமதி மரப்பெட்டிகளின் கட்டை, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்கப்பட்டோ, புகைமூட்டப்பட்டோ இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதற்கான முத்திரை கட்டையின் மேல் இருக்கும். இது மரத்துக்குள் இருக்கும் பூச்சிகளுக்கான பாதுகாப்பு. பெட்டிக்கு அடியில் பின்னர் ஒட்டிக்கொண்ட நத்தை, தேரை, பல்லி ஆகியவற்றை அது தடுக்காது. பழைய பெட்டிகளை விறகுக்கும் தொழுவத்துக்கும் வாங்கும் உழவர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அயல் நாட்டில் பகைவனான தேரை, இங்கே குறைந்து வரக் காரணங்கள் பல. குட்டைகள் தூர்க்கப்படுகின்றன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை, சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலை போன்ற அகன்ற சாலைகளை மழையிரவில் கடக்கும் தேரைகள் சக்கரங்களில் நசுங்குகின்றன. நெடுந்தூரம் செல்லும் சுற்றுச்சுவர்கள் ஏரிக்கும் மேட்டுக்கும் இடையே அவற்றின் வழியை மறிக்கின்றன. எஞ்சியிருக்கும் வயல்களே அவற்றுக்குப் புகலிடம்.

தேரையின் மேல் சுமத்தப்படும் பழி

தென்னையில் பருப்பு இல்லாத காயைக் கண்டால் "தேரை மோந்த காய்" என்று சொல்வது நம் வழக்கம். தேரை தென்னையில் ஏறுவதில்லை. காயை உறிஞ்சவும் முடியாது. இத்தகைய ஒல்லிக்காய்கள் மகரந்தச் சேர்க்கைக் குறையாலும் ஊட்டச்சத்துப் பற்றாக்குறையாலும் உண்டாகின்றன. பரிந்துரைக்கப்பட்ட உரத்துடன் மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ், 200 கிராம் போராக்ஸ் கூடுதலாக இட்டுச் சரிசெய்யலாம்.

அதுபோலவே, குழந்தை மெலிந்து வயிறு பெருத்தால் "தேரை விழுந்தது" என்று சொல்லி நாள் கடத்துவது பெருந்தவறு. அது உணவுக் குறையாகவோ நோயாகவோ இருக்கலாம். குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

ஒட்டுண்ணி இறக்குமதி மட்டும் சரியா?

அயல் உயிரினத்தைக் கொண்டுவந்தது தவறென்றால், நம் நாட்டில் ஒட்டுண்ணிகளை இறக்குமதி செய்வது ஏன் என்று உழவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களை அழித்தது. 2010-இல் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவி ஒட்டுண்ணி இறக்குமதி செய்யப்பட்டது. அது வந்ததும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்துதான். கரும்புத் தேரையை ஹவாய்க்கு அனுப்பிய அதே தீவு! ஆனால் முடிவு நேர்மாறாக அமைந்தது. மாவுப்பூச்சி கட்டுப்பட்டது.

வேறுபாடு இதுதான். தேரை வாயில் அடங்கும் எதையும் தின்னும். அந்தக் குளவியோ குறிப்பிட்ட மாவுப்பூச்சியின் உடலில் மட்டுமே முட்டையிட்டு வாழும். மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் தானே குறையும். மேலும், தனிமைப்படுத்தப்பட்ட ஆய்வகத்தில் சோதித்த பிறகே அது வெளியே விடப்பட்டது. ஆகவே எந்த உயிரினத்தையும் "நல்லது செய்யும்" என்று யாரோ சொன்னதற்காக நாமாகக் கொண்டுவந்து விடக்கூடாது.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. வயலிலும் தோட்டத்திலும் உள்ள தேரை, தவளைகளை அடிக்காதீர்கள். வரப்பு மூலையில் சில கற்களையோ ஓட்டுத் துண்டுகளையோ குவித்து வைத்தால் அவை பகலில் தங்கும்.

2. நெல்லில் குருத்துப்பூச்சிக்குப் பொருளாதாரச் சேத நிலையைக் கண்டறிந்த பின்னரே மருந்திடுங்கள். வளர்ச்சிப் பருவத்தில் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதவீதக் குருத்துக் காய்ச்சல், கதிர்ப் பருவத்தில் 2 சதவீத வெண்கதிர் என்பது அளவு.

3. மருந்திட்ட வயல்நீரை வாய்க்காலிலும் ஏரியிலும் வடிக்காதீர்கள். தெளிப்பானைக் குட்டையில் கழுவாதீர்கள். தலைப்பிரட்டைக்கும் மீனுக்கும் அது நஞ்சாகும்.

4. மீன்குஞ்சு வாங்கும்போது வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். உருண்டைத் தலையும் ஒற்றை வாலுமாக, பக்கத்துடுப்பு இன்றி நீந்துபவை தலைப்பிரட்டைகள், அவற்றைப் பிரித்துவிடுங்கள். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசால் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளை எக்காரணம் கொண்டும் ஏரியில் விடாதீர்கள்.

5. தொழிற்சாலைப் பெட்டிகளையும் கட்டைகளையும் வாங்கினால், ஏற்றுமுன் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். வெளியூர் நாற்றுகளின் தொட்டி அடியையும் பாருங்கள்.

6. கிடங்கில் பணிபுரியும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இரவில் கன்டெய்னர் கதவை வீணே திறந்து வைக்க வேண்டாம், சரக்கு ஏற்றுமுன் நான்கு மூலைகளையும் கட்டைகளின் அடியையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும், தேரை இருந்தால் முறத்தாலோ கையுறையாலோ எடுத்து அருகிலுள்ள வயலில் விட வேண்டும்.

7. வெளிநாட்டுச் சரக்கிலிருந்து இதுவரை கண்டிராத தேரை, நத்தை, பூச்சி வெளிப்பட்டால், வெளியே விடாமல் மூடிய பாத்திரத்தில் வைத்து, வனத்துறைக்கோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ உடனே தெரிவியுங்கள்.

8. ஊர்ப் பொதுக்குட்டைகளைத் தூர்க்க விடாதீர்கள். மழைக்குப் பின் ஆறு வாரம் நீர் நிற்கும் சிறு குட்டை ஒன்று இருந்தாலே ஒரு தலைமுறைத் தேரைகள் கரையேறும்.

நம் தேரையை நம் வயலிலேயே வைத்துக் கொள்வதும், அயல் தேரையை எல்லையிலேயே நிறுத்துவதும் ஒரே வேலையின் இரு பக்கங்களாகும். இரண்டுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. கட்டையைத் தூக்கி அடியில் பார்க்கும் வழக்கம் இருந்தால் போதும்.